94 சதவீதம் நிரம்பிய வீட்டு சர்வர்: டிரைவைக் கழற்றும் முன் ஸ்னாப்ஷாட்டைப் பாருங்கள்

வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வீட்டில் அவரே அசெம்பிள் செய்த ஸ்டோரேஜ் சர்வர். 4 டிபி டிரைவ் நான்கு, அவற்றை ஒரே பூலாக (ஒரே சேமிப்பிடமாக) நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறை, ஒரு டிரைவ் செத்தாலும் டேட்டா தப்பும் ரெய்டு-இசட்1 அமைப்பு, ரேம் 8 ஜிபி. குடும்பப் போட்டோக்கள், வீடியோக்கள், எல்லோருடைய போன் பேக்கப், போதாததற்கு இரண்டு கண்காணிப்புக் கேமராக்களின் பதிவு, எல்லாம் ஒரே டேட்டாசெட்டில், அதாவது பூலுக்குள் தனியாக நிர்வகிக்கப்படும் ஒரே பகுதியில். கேமராக்கள் இரவு பகலாக, ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் வீதம் எழுதுகின்றன. 30 நாள் ஆன பதிவை மென்பொருளே அழித்துவிடும். அதே டேட்டாசெட்டை தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே உறையவைத்த பதிவு) எடுத்து, அதையும் 30 நாள் வைத்திருக்கிறார்.

முன்பெல்லாம் நொடிக்கு 110 எம்பி வேகத்தில் காப்பி ஆனது இப்போது 15, 20 என்று நொண்டுகிறது. லேப்டாப் கேபிளில்தான் இணைந்திருக்கிறது, வைஃபை இல்லை. போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் படங்கள் வந்து சேர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் பழைய சினிமா ஒன்றைப் போட்டால் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. பூல் 94 சதவீதம் நிரம்பியிருக்கிறது. மூன்று வாரம் முன்பு 600 ஜிபி வீடியோவை அழித்தும் காலியிடம் கூடவே இல்லை. நான்கு டிரைவில் இரண்டு, பழையவை பழுதான பிறகு மாற்றியவை.

எஸ்எஸ்டி ஒன்றை கேஷாக (இடைக்கால வேகச் சேமிப்பாக) போடலாமா, ரேமை 32 ஜிபி ஆக்கலாமா, ஒரே போட்டோ நாலு இடத்தில் கிடப்பதால், ஒரே டேட்டாவை ஒருமுறை மட்டும் சேமிக்கும் டீடூப்பை ஆன் செய்யலாமா என்று கேட்கிறார். கடைசியாக, கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்ட தொனியில், "ரெய்டுதானே, ஒரு டிரைவ் இல்லாவிட்டாலும் ஓடும். ஒன்றைக் கழற்றி ஃபார்மேட் செய்து, கொஞ்சம் டேட்டாவை அதற்கு மாற்றி இடம் பண்ணிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்" என்கிறார்.

வணக்கம். கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது, இதில் மட்டும் அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

டிரைவைக் கழற்ற வேண்டாம்

ஒரு டிரைவ் இல்லாமலும் ஓடும் என்பது உண்மை. ஆனால் அந்த நிலையில் மீதி மூன்றில் எது மக்கர் செய்தாலும் பூல் மொத்தமும் போய்விடும். திரும்பச் சேர்க்கும்போது அந்த மூன்று டிரைவையும் முழுக்கப் படித்துத்தான் நான்காவதை நிரப்ப முடியும். 94 சதவீதம் நிரம்பிய உங்கள் பூலில் அது 11 டிபிக்கு மேல் படிப்பது. வீட்டு டிரைவ்களின் விவரத்தாளில் பொதுவாக நூறு லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள், அதாவது சுமார் 12.5 டிபிக்கு ஒன்று. நடைமுறையில் டிரைவ்கள் இதைவிட நன்றாகவே உழைக்கும், இசட்எஃப்எஸ்ஸும் ஒரு பிழைக்காகப் பூல் முழுவதையும் கைவிடாது, அந்தக் கோப்பை மட்டும் கெட்டுவிட்டதாகச் சொல்லும். ஆனாலும் அந்தக் கோப்பு எதுவாக இருக்கும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு டிரைவ் பழுதான சர்வர் இது, மீதி இரண்டும் அவற்றோடு சேர்ந்து வாங்கியவை.

இவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டாலும் உங்களுக்கு இடம் கிடைக்கப்போவதில்லை. ஒரு கோப்பை வேறு டிரைவுக்கு மாற்றுவது என்றால் அங்கே எழுதிவிட்டு இங்கே அழிப்பதுதான். இங்கே அழித்தால் என்ன ஆகிறது என்பதை அந்த 600 ஜிபியில் பார்த்துவிட்டீர்கள்.

கடிதத்தில் இன்னொரு வரியும் உறுத்தியது. "ரெய்டு இருப்பதால் தனியாக பேக்கப் வைக்கவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ரெய்டு ஒரு டிரைவ் செத்தால் காப்பாற்றும், அவ்வளவுதான். கை தவறி அழித்தாலோ, வைரஸ் வந்து பூட்டினாலோ, பவர் சப்ளை புகைந்து நான்கையும் சேர்த்துக் கொண்டுபோனாலோ அது ஒன்றும் செய்யாது. போட்டோக்களும் ஆவணங்களும் சேர்ந்து 1.2 டிபிதான் என்று நீங்களே கணக்கு கொடுத்திருக்கிறீர்கள், ஒரு வெளி டிரைவில் அடங்கிவிடும். இன்றைக்கே காப்பி போடுங்கள். முடிந்ததும் டிரைவை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, நாலைந்து ஃபோல்டரில் கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கு அப்புறம்தான் கீழே சொல்லும் எதையும் தொட வேண்டும்.

அந்த 600 ஜிபி எங்கே போனது?

எங்கும் போகவில்லை, ஸ்னாப்ஷாட் பிடித்துவைத்திருக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுத்த நேரத்தில் இருந்த எந்தக் கோப்பையும், அந்த ஸ்னாப்ஷாட் உயிரோடு இருக்கும்வரை இசட்எஃப்எஸ் உண்மையில் அழிக்காது. அதுதான் ஸ்னாப்ஷாட்டின் வேலையே. நீங்கள் அழித்து மூன்று வாரம்தான் ஆகிறது, 30 நாள் கணக்கு முடிந்ததும் அந்த 600 ஜிபி தானாகத் திரும்பியிருக்கும்.

ஆனால் அது சின்ன மீன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கேமராவைத்தான் கணக்கு போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 4 மெகாபிட் என்றால் அரை எம்பி, ஒரு நாளைக்கு சுமார் 43 ஜிபி, இரண்டு கேமராவுக்கு 86. 30 நாளுக்கு 2.6 டிபி. இவ்வளவுதான் போகிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மென்பொருள் 31ஆம் நாள் பதிவை அழிக்கும்போது, முந்தைய நாள் ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்துக்கொள்கிறது, மேலும் 30 நாளுக்கு விடாது. ஆக உங்கள் சர்வரில் 30 நாள் அல்ல, 60 நாள் பதிவு இருக்கிறது. 5.2 டிபி. உங்கள் பூலின் பயன்படக்கூடிய கொள்ளளவு சுமார் 11.5 டிபி, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடத்தை யாரும் திரும்பிப் பார்க்காத தெருக்காட்சி அடைத்துக்கொண்டிருக்கிறது.

"ஸ்னாப்ஷாட் பட்டியலைப் பார்த்தேன், ஒவ்வொன்றும் கொஞ்சம் ஜிபிதான் காட்டுகிறது, கூட்டினாலும் பெரிதாக வரவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். இதில் ஏமாறாத ஆள் குறைவு. அந்தப் பட்டியலில் ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு நேராக வரும் எண், அதை மட்டும் அழித்தால் திரும்பும் இடம். இரண்டு ஸ்னாப்ஷாட் சேர்ந்து பிடித்திருக்கும் ஒரு கோப்பு இரண்டின் கணக்கிலும் வராது. உங்கள் 600 ஜிபியை, அழிக்கும் முன் எடுத்து இன்னும் மீதமிருக்கும் எட்டு, ஒன்பது ஸ்னாப்ஷாட் சேர்ந்து பிடித்திருக்கும், அதனால் எதன் பக்கத்திலும் அந்த எண் தெரியவில்லை. டேட்டாசெட்டின் விவரத்தில் ஸ்னாப்ஷாட்கள் மொத்தமாக எடுத்துக்கொண்ட இடம் என்று ஒரு தனி வரி உண்டு, உண்மை அங்கேதான் இருக்கிறது. அழிக்கும் கட்டளையிலும், முதல் ஸ்னாப்ஷாட்டிலிருந்து இன்னொன்று வரை ஒரே தொடராகக் கொடுத்து, அழிக்காமல் எவ்வளவு திரும்பும் என்று மட்டும் கேட்க வழி இருக்கிறது. அதை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் டேட்டாசெட் முழுமைக்கும் சேர்த்து எடுக்கப்படுவது. கேமரா ஃபோல்டருக்கு மட்டும் அழி, போட்டோவுக்கு வை என்று சொல்ல முடியாது. அதனால் பழைய ஸ்னாப்ஷாட்டை அழித்தால், வீட்டில் யாரோ இரண்டு வாரம் முன்பு கை தவறி அழித்துவிட்டு இன்னும் கவனிக்காத கோப்பும் சேர்ந்து போகும். சர்வரை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றாலும் அதில் இருப்பது எல்லோருடைய பொருளும். "ஏதாவது காணாமல் போயிருக்கிறதா, இப்போதே சொல்லுங்கள்" என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இரண்டு நாள் பொறுத்து அழியுங்கள். பின்னால் வரும் சண்டைக்கு இது எவ்வளவோ மேல்.

என் யோசனை, கடைசி 7 நாள் ஸ்னாப்ஷாட்டை விட்டுவிட்டு அதற்கு முந்தையதை எல்லாம் எடுத்துவிடுங்கள். 23 நாள் பதிவு, சுமார் 2 டிபி, கூடவே அந்த 600 ஜிபி. பூல் 94இலிருந்து 70ஐ ஒட்டி இறங்கும். இடம் உடனே காட்டாது, இசட்எஃப்எஸ் பின்னணியில் மெதுவாக விடுவிக்கும், அந்த நேரத்தில் சர்வர் இன்னும் மந்தமாகத் தெரியலாம். பொறுமையாக விடுங்கள், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

அப்புறம் கேமராவை இந்த டேட்டாசெட்டிலிருந்து வெளியே தள்ளுங்கள். குறைந்தபட்சம் ஸ்னாப்ஷாட் எடுக்காத தனி டேட்டாசெட். என்னைக் கேட்டால், பூலுக்கே சம்பந்தமில்லாத ஒற்றை டிரைவ். போன மாதத் தெருக்காட்சிக்கு ரெய்டு பாதுகாப்பு எதற்கு? அது செத்தால் இன்னொன்றை மாட்டிவிட்டுப் போகலாம். அப்படிச் செய்து இங்கே இருக்கும் பதிவையும் அழித்தால், 7 நாள் ஸ்னாப்ஷாட் கழிந்ததும் பூல் 45 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும்.

நிரம்பினால் ஏன் எழுதுவது மட்டும் திணறுகிறது?

இசட்எஃப்எஸ் இருக்கிற இடத்தின் மேலேயே திருப்பி எழுதாது, ஒவ்வொரு மாற்றத்தையும் புது இடத்தில் எழுதிவிட்டுப் பழையதை விடும். அதனால் காலியிடம் அதற்கு வேலை செய்கிற இடமும்கூட. அது குறையக் குறைய, பஸ்ஸில் ஒரு குடும்பம் ஏறும்போது சீட் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிற கதை. டிரைவை மெட்டாஸ்லாப் என்னும் பகுதிகளாகப் பிரித்து இடம் ஒதுக்குகிறார்கள். ஒரு பகுதியில் காலியிடம் 4 சதவீதத்துக்குக் கீழே போனால், கிடைத்த முதல் இடத்தில் எழுதுவதை விட்டுவிட்டு, பொருத்தமான இடத்தைத் தேடித்தேடி எழுதும் முறைக்கு மாறிவிடும். பூல் மொத்தமும் 94 என்றால் பல பகுதிகள் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். இதற்கு மேல் கேமராக்கள் நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதி, சின்னச் சின்னதாக அழித்து, காலியிடத்தைத் துண்டு துண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன.

சினிமா ஏன் ஒழுங்காக ஓடுகிறது என்றால், அது பூல் காலியாக இருந்தபோது நீளமாக, அடுத்தடுத்து எழுதப்பட்டது. தவிர ஒரு படம் ஓட நொடிக்குச் சில எம்பி போதும். எனவே "படிப்பது நன்றாக இருக்கிறது, எழுதுவதுதான் கெட்டுவிட்டது, எஸ்எஸ்டி போட்டால் சரியாகும்" என்ற முடிவுக்கு அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பூலின் விவரத்தில் சிதறல் சதவீதம் என்று ஒன்று வரும், நீங்கள் பயந்து எழுதிய எண். அது கோப்புகள் சிதறிய அளவு அல்ல, காலியிடம் சிதறிய அளவு. இடம் விடுபட்டதும் அதுவும் இறங்கும். டிஃப்ராக் செய்யும் கருவி இசட்எஃப்எஸ்ஸில் கிடையாது, தேடி அலைய வேண்டாம். ஏற்கெனவே சிதறலாக எழுதப்பட்ட கோப்புகள் திரும்ப எழுதினால்தான் ஒழுங்காகும், அதையும் நிறையக் காலியிடம் வந்த பிறகே செய்ய வேண்டும். ஸ்னாப்ஷாட் இருக்கும்போது செய்தால் பழையதும் புதியதுமாக இரட்டை இடம் பிடிக்கும்.

80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது கோடு போட்ட எல்லை இல்லை. படம் மட்டும் சேமித்து, அழிக்காமல் வைத்திருக்கும் பூல் 90இலும் பெரிதாகக் குறை சொல்லாது. உங்களுடையது போல எழுதி அழித்து எழுதும் பூல் அதற்கு முன்னாலேயே முக்க ஆரம்பித்துவிடும். எக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையைப் போட்டால் இந்தத் தொல்லை இருக்காதே என்ற ஆசையும் வேண்டாம். அதுவும் வழக்கமாக 5 சதவீதத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது, காரணங்களில் ஒன்று இதே சிதறல்தான். அங்கே போனால் கோப்பு கெட்டுவிட்டதா என்று சரிபார்க்கும் வசதியையும் இழப்பீர்கள்.

இடப்பற்றாக்குறை மட்டும்தான் காரணமா?

இதை நிச்சயமாகச் சொல்ல உங்கள் கடிதம் போதாது. நெட்வொர்க்கை மட்டும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். கேபிளில் ஒரு ஜோடி கம்பி பழுதாகி இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தால் வேகம் 11, 12 எம்பியில் சுவர் போல நிற்கும். உங்களுக்கு 20 வரை போகிறதே.

டிரைவ்கள்மீதுதான் எனக்குச் சந்தேகம். பெரிய கோப்பு ஒன்றைக் காப்பி போட்டுக்கொண்டே, நான்கு டிரைவின் காத்திருப்பு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். நான்கும் ஒன்றுபோலத் திணறினால் இடப்பிரச்சினை. மூன்று 15 மில்லிசெகண்டில் இருக்க ஒன்று மட்டும் 200, 300 என்று காட்டினால், அந்த ஒன்றுக்காக மற்ற மூன்றும் காத்து நிற்கின்றன, நீங்கள் எவ்வளவு இடம் பண்ணினாலும் சரியாகாது. டிரைவ் தன் நலம் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களைப் பாருங்கள், அவை பழுதான செக்டர்களின் கணக்கு, பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிரைவ் அல்ல, சாட்டா கேபிள்தான் குற்றவாளி. மாற்றிப் பாருங்கள்.

பின்னால் மாற்றிய அந்த இரண்டின் மாடல் எண்ணையும் தேடிப் பாருங்கள். எஸ்எம்ஆர் என்னும் வகை டிரைவ்களில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒன்றைத் திருத்தப் பக்கத்தில் உள்ளதையும் திருப்பி எழுத வேண்டும். கொஞ்ச நேரம் வேகமாக வாங்கிக்கொண்டு, அப்புறம் படுத்துவிடும். டப்பாவில் நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜுக்கு ஏற்றது) என்று போட்டிருப்பது உத்தரவாதம் இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று அந்த நிறுவனமே 2020இல் ஒப்புக்கொண்டது. உங்கள் 4 டிபி அந்த அளவுக்குள் வருகிறது.

கேஷ், ரேம், டீடூப்

எழுதுவதற்கென்று தனி எஸ்எஸ்டி போடுவது, டேட்டாபேஸ் மாதிரி "எழுதிவிட்டேன் என்று உறுதி சொல்லும்வரை நகரமாட்டேன்" என்று நிற்கும் வேலைகளுக்கு மட்டுமே உதவும். லேப்டாப்பிலிருந்து கோப்பு காப்பி போடுவது பெரும்பாலும் அந்த வகை இல்லை. அந்தச் செலவு வேண்டாம்.

ரேம் நல்ல செலவு, ஆனால் வேறு நோய்க்கு மருந்து. போட்டோ ஃபோல்டர் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் படிப்புகள் நடக்கின்றன, ரெய்டு-இசட்டில் நான்கு டிரைவ் இருந்தும் இந்த விஷயத்தில் கிட்டத்தட்ட ஒரு டிரைவின் வேகம்தான் கிடைக்கும். ரேம் கூடினால் இரண்டாவது முறை திறக்கும்போது வேகம் தெரியும். அதற்கும் மேல் வேண்டுமானால் எஸ்எஸ்டியை இரண்டாம் நிலை படிப்பு கேஷாக, மெட்டாடேட்டாவுக்கு (கோப்புகளின் பெயர், இருப்பிடம் போன்ற விவரங்களுக்கு) மட்டும் என்று வைக்கலாம். அது செத்தாலும் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்பெஷல் வீடெவ் என்று இணையத்தில் புகழ்வார்களே, அது வேறு சமாச்சாரம், மெட்டாடேட்டாவைப் பூலின் ஒரு பகுதியாகவே எஸ்எஸ்டியில் வைப்பது, அது செத்தால் பூலே செத்தது, ரெய்டு-இசட் பூலில் ஒருமுறை சேர்த்தால் கழற்றவும் முடியாது.

டீடூப் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் போட்டோக்களை அது தொடாது, புதிதாக எழுதுவதைத்தான் பார்க்கும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஒரு பெரிய பட்டியலில் தேட வேண்டும், 8 ஜிபி ரேமில் அது இன்னொரு தலைவலி. ஒரே படத்தைக் கண்டுபிடித்துக் காட்டும் சாதாரண மென்பொருளை லேப்டாப்பிலிருந்து ஓட்டி, கண்ணால் பார்த்து அழிப்பதே மேல்.

பெரிய டிரைவ் வாங்குவது

இப்போதைக்கு வாங்காதீர்கள். ஸ்னாப்ஷாட்டையும் கேமராவையும் ஒழுங்குபடுத்தி, பூல் எங்கே வந்து நிற்கிறது என்று ஒரு மாதம் பாருங்கள். அப்போதும் வேண்டியிருந்தால், நான்கையும் ஒவ்வொன்றாகப் பெரியதாக மாற்றலாம், ஆனால் நான்காவது மாறும்வரை இடம் ஒரு ஜிபிகூட அதிகமாகாது. மாற்றும்போது பழையதைக் கழற்றாமல், காலி போர்ட் ஒன்றில் புதியதை மாட்டி மாற்றச் சொல்லுங்கள், நடுவில் பாதுகாப்பு குறையாது. ஐந்தாவது டிரைவைச் சேர்த்து ரெய்டு-இசட்டையே அகலப்படுத்தும் வசதி ஓபன்இசட்எஃப்எஸ் 2.3இல், 2025 ஜனவரியில் வந்தது. பழைய கோப்புகள் பழைய விகிதத்திலேயே இருக்கும் என்பதால் எதிர்பார்த்த அளவு இடம் உடனே தெரியாது. இதில் ஒரு படுகுழி உண்டு. அகலப்படுத்தும் கட்டளைக்குப் பதில் சும்மா சேர்க்கும் கட்டளையைக் கொடுத்து, எச்சரிக்கையையும் மீறிக் கட்டாயப்படுத்தினால், அந்த ஒற்றை டிரைவ் பாதுகாப்பில்லாத தனிப் பகுதியாக ஒட்டிக்கொள்ளும், திரும்ப எடுக்க வழியில்லை. அது செத்தால் எல்லாம் போச்சு.

கையில் பணம் இருந்தால், பெரிய டிரைவ் இரண்டை மிரராக (இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும்படி) போட்டுப் புதுப் பூல் ஆரம்பித்து, எல்லாவற்றையும் அங்கே அனுப்பிவிடுவதைத்தான் நான் சொல்வேன். அனுப்பும்போதே எல்லாம் புதிதாக எழுதப்படுவதால் சிதறலும் போய்விடும், பழைய டிரைவ்களில் நல்லவை பேக்கப்புக்கு ஆகும்.

டிரைவ்களின் மாடல் எண், காப்பி போடும்போது எடுத்த காத்திருப்பு நேரம், ஸ்னாப்ஷாட்கள் மொத்தமாக எடுத்துக்கொண்ட இடம், இந்த மூன்றையும் அனுப்பினால் அடுத்ததைப் பார்க்கலாம்.